மிளகுத் தண்ணீரும் பினாங்குச் சூப்பும்

பினாங்குத் தீவுக்கு வருவோர் பல திறத்தினர். கொடிமலையின் குளிர்காற்றை நாடி வருவோர் சிலர்; தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையானைத் தொழ வருவோர் பல்லாயிரவர்; மருத்துவமனைகளைத் தேடி வருவோரும் உளர். இவர்களுக்கிடையே, எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஒரு மங்கு ஆட்டுச் சூப்புக்காகவே அலோர் ஸ்டாரிலிருந்தும் தைப்பிங்கிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் புறப்பட்டு வருகின்ற ஒரு கூட்டமும் உண்டு. 1985-இல் முதற்பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் இவர்கள் பட்டர்வொர்த்தில் படகேறி வந்தார்கள். 2014-இல் இரண்டாம் பாலமும் வந்த பின்னர் எந்தப் பாலத்தில் ஏறுவது என்பது மட்டுமே இவர்களுடைய கவலை. பயணச் செலவைக் கணக்கிட்டால் சூப்பின் விலையைப்போலப் பன்மடங்காகும். ஆயினும் வருகின்றார்கள்.

இத்தனை தொலைவு நடையாய் நடக்க வைக்கும் அந்தச் சூப்பு யாருடையது? கேட்டால் ‘மாமாக் கடைச் சூப்பு’ என்று விடை வரும். மலாய் மொழியில் ‘மாமாக்’ எனப்படும் சொல் நம்முடைய ‘மாமா’தான். கடையைக் குறிக்கும் ‘கெடை’, கடை. குழம்பைக் குறிக்கும் ‘காரி’, கறி. இவர்களை ஏற்றி வந்த ‘காப்பால்’, கப்பல். இவ்வளவு சொற்களைத் தந்தவர்களின் வரலாற்றை நம் பாடநூல்களில் தேடினால் ஓரிரு வரிகளுக்குமேல் கிடைப்பதில்லை. அக்குறையே இக்கட்டுரைக்குக் காரணம். சூப்பைப் பற்றி எழுதுவது தமிழாசிரியர்க்கு அழகா என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்திருந்து படிக்க வேண்டுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘சூப்பு’ என்பது ஆங்கிலத்தின் வழி வந்தது. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பழம்பொருள் நீர்ம உணவன்று. சாற்றில் ஊறவைத்த ரொட்டித் துண்டு. ரொட்டியின் பெயர் நாளடைவில் சாற்றுக்கு ஆகிவந்தது. வடமொழியிலும் ‘சூபம்’ என்றொரு சொல் உண்டு. பருப்புச் சாற்றைக் குறிக்கும். சமையற்காரனைச் ‘சூபகாரன்’ என்பர். ஒலி ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றே எனச் சாதிப்போர் உண்டு. அதை உறுதியாகச் சொல்வதற்கில்லை. இவற்றோடு தொடர்பில்லாத மூன்றாவது ஒன்று நம்மிடம் இருக்கிறது: எலும்பைச் சூப்புதல், விரலைச் சூப்புதல் என்னும் தமிழ் வினை. ஆங்கிலச் சொல் தமிழன் காதில் விழுந்தபோது அயற்சொல்லாகத் தோன்றாமல் போனதற்கு இவ்வினைச்சொல் துணைநின்றிருக்கும் என்பது என் கருத்து. எலும்போடு கூடிய சாற்றுக்குச் சூப்பு என்பதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயரை யார்தான் வைத்துவிட முடியும்?

நாம் ஆங்கிலத்திடம் சூப்பு என்னும் சொல்லைக் கடனாகப் பெற்றதற்கு முன்பே, ஆங்கிலேயர் சூப்பின் வகையொன்றுக்கு நம்மிடம் பெயர் பெற்றுவிட்டார்கள். ‘முல்லிகட்டானி’ என்று அவர்கள் எழுதும் சூப்பு, மிளகுத் தண்ணீரேயன்றி வேறன்று. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளியிட்ட ‘ஆப்சன் ஜாப்சன்’ என்னும் அகராதி இச்சொல்லின் வரலாற்றைச் சொல்கிறது. இவருள் பர்னெல் தஞ்சையில் நீதிபதியாக இருந்தவர்; சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். தமிழ்நாட்டு மண்ணையும் மிளகையும் அறிந்த கை அது. அவ்வகராதி காட்டும் முதல் மேற்கோள் 1784-ஆம் ஆண்டினது. ஐதர் அலியிடம் சிறைப்பட்டுப் பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஆங்கிலேயர் ஒருவர், மிளகுத் தண்ணீரையும் கஞ்சியையும் உண்டு நாள் கழிக்க வேண்டியிருக்கிறதே என்று நொந்து பாடிய பாட்டு அது. நமக்குக் காய்ச்சலில் தெம்பு தரும் இரண்டு உணவுகளும் அவருக்குச் சிறைத் தண்டனையாகப்பட்டன! ‘கஞ்சி’யும் ஆங்கிலத்தில் குடியேறி ‘காஞ்சி’ ஆயிற்று. இன்று உலகெங்கும் சீனர் உணவகங்களில் அரிசிக் கஞ்சிக்கு வழங்கும் ஆங்கிலப் பெயர் தமிழ்ப் பெயர் என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

சென்னை மாகாணத்தில் பணிசெய்த ஆங்கிலேயருக்கு ‘முல்’ என்றே பட்டப்பெயர் வழங்கியதாகவும் அவ்வகராதி குறிக்கிறது. முல்லிகட்டானியின் தலைப்பகுதிதான் அது. வங்காளத்தாருக்கும் பம்பாய்க்காரர்களுக்கும் வேறு பட்டப்பெயர்கள் இருந்தன. விருந்து சூப்போடு தொடங்க வேண்டும் என்பது ஆங்கிலேயர் வழக்கம்; தமிழர் இலையில் அப்படியொரு தொடக்கம் இல்லை. துரை வீட்டுச் சமையற்காரர்கள் அந்த வெற்றிடத்தை மிளகுத் தண்ணீரைக்கொண்டு நிரப்பினார்கள். அதில் கோழியையும் ஆட்டிறைச்சியையும் சேர்த்தார்கள். மாவைக் கரைத்துத் தடிப்பாக்கினார்கள். பணி முடிந்து ஊர் திரும்பிய துரைமார்கள் சுவையையும் உடன் கொண்டு போனார்கள். 1817-இல் முதற்பதிப்புக் கண்ட கிச்சினர் என்பாரின் ஆங்கிலச் சமையல் நூல், இச்சொல்லுக்கு மிளகுத் தண்ணீர் என்று பொருளும் சொல்லி, இலண்டன் காப்பிக் கடைகளின் சன்னல்களில் இது ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு உணவு விரும்பிகள் திகைத்து நிற்பதையும் நகைச்சுவையோடு எழுதுகிறது.

இங்கே மிளகைப் பற்றி ஒரு வார்த்தை. சங்க நூல்களில் ‘கறி’ என்பது மிளகின் பெயர். மிளகாய் நமக்கு மிகவும் பிந்தி வந்தது. போர்ச்சுகீசியர் கடல்வழி கண்ட பின்னரே, 16-ஆம் நூற்றாண்டில், அமெரிக்க நாடுகளிலிருந்து அது இந்தியக் கரையை அடைந்தது. அதற்குமுன் தமிழர் உணவில் உறைப்பு என்றால் அது பெரும்பாலும் மிளகின் உறைப்பே. மிளகாய் வந்து குழம்பைச் சிவப்பாக்கிய பிறகும், நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் வைக்கும் சாற்றில் மிளகே நின்றது. பினாங்குச் சூப்பும் அந்த வரிசையில் நிற்பது. அதன் நிறம் பழுப்பு, உறைப்பு மிளகினுடையது, மிளகாய் வேண்டுவோர்க்குத் தனியே தட்டில் வைத்துத் தருவார்கள். சிங்கப்பூரில் தமிழ் முசுலிம்கள் சமைக்கும் ‘சூப் துலாங்’ செக்கச் செவேலென்று இருக்கும். எலும்பைத் தட்டி ஊனை உறிஞ்சி முடிப்பதற்குள் பத்து விரலும் சிவந்துவிடும். சுவையில் குறையில்லை. எனினும் பழமை எதில் என்று கேட்டால் பினாங்கின் பழுப்பு நிறத்தையே காட்டுவேன்.

இனி, இச்சூப்பைச் சமைத்தவர்கள் இங்கு வந்த கதை. மலேசியத் தமிழர் வரலாறு எழுதுவோர் கடாரத்தில் தொடங்குவது வழக்கம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களுள் காழகத்திலிருந்து வந்தவற்றையும் பட்டினப்பாலை குறிப்பதையும், நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்று உரைத்ததையும், 1025-ஐ ஒட்டி இராசேந்திரன் கடாரம் கொண்டதையும் எழுதிவிட்டு, எட்டு நூற்றாண்டுகளை ஒரே தாவாகத் தாண்டி இரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்வார்கள். இடையில் இருந்த வணிகரும் கடைக்காரரும் படகோட்டியும் சமையற்காரரும் அந்தத் தாவலில் விழுந்து போகிறார்கள். தோட்டத் தமிழரின் கண்ணீரை எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; என் பாட்டனாரும் பால் மரம் வெட்டியவரே. ஆனால் அதற்கு நூறாண்டுக்கு முன்பே ஒரு தமிழ் நகரம் இங்கே உருவாகியிருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

பிரான்சிசு லைட் 1786 ஆகத்து 11-ஆம் நாள் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். எதிர்க்கரையிலுள்ள கெடாவில் அதற்கு முன்பே தமிழ் முசுலிம்கள் வணிகம் செய்து வந்தனர். ‘சூலியா’ என்று ஆங்கிலேயர் அவர்களைக் குறித்தனர். லைட் தாம் இறந்த ஆண்டாகிய 1794-இல் எழுதிய அறிக்கையில், இத்தீவின் குடிமக்களுள் சூலியாக்களை இரண்டாம் இடத்தில் வைத்துப் பேசுகிறார். ஏறத்தாழ ஆயிரம் பேர். அவருட் சிலர் குடும்பத்தோடு இருப்பவர். பெரும்பாலோர் கடைக்காரர், ஏனையோர் கூலிகள் என்கிறார். சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேரைக் கொண்டு வருகின்றன என்றும், அவர்கள் வணிகத்தாலும் உழைப்பாலும் சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப, அவர்கள் இடத்துக்கு வேறு சிலர் வருகின்றார்கள் என்றும் எழுதுகிறார். இவ்வரிகளை ஆசிரியப் பயிற்சி மாணவர்களிடம் நான் பன்முறை படித்துக் காட்டியிருக்கிறேன். எட்டே ஆண்டு வயதுள்ள ஓர் ஊருக்கு ஆண்டுக்கு ஈராயிரம் பேர் வந்து போகிறார்கள். பெரும்பாலும் பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆடவர். இவர்களுக்குச் சோறு ஆக்கியவர் யார்? வீடு இல்லாத இடத்தில்தான் கடை பிறக்கும். பினாங்கின் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கால்கோள் அந்தக் கப்பல்களிலேயே நடந்துவிட்டது.

சூலியாத் தெருவும் அதை ஒட்டிய பகுதிகளும் அவர்களால் வளர்ந்தன. அவர்களின் தலைவரான காதர் முகையதீன் என்பார் 1801-இல் நிலம் பெற்றுத் தொடங்கியதே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். நாகூர் ஆண்டகையின் நினைவாகச் சூலியாத் தெருவும் அரசர் தெருவும் கூடும் முனையில் ஒரு தர்காவும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. நோன்பு மாதத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சி ஊராருக்கு வழங்குகின்றார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களில் வழங்கும் அதே நோன்புக் கஞ்சிதான். மலாய்க்காரரும் தூக்குப் பாத்திரத்தோடு வந்து நிற்பர். அவர்களும் அதைக் ‘கஞ்சி’ என்றே சொல்வர். பெங்களூர்ச் சிறையில் அந்த ஆங்கிலேயர் சலித்துக்கொண்ட கஞ்சிக்கு இங்கே வரிசை நிற்கிறது.

நாகூரில் பிறந்த குலாம் காதிறு நாவலர் (1833–1908) பினாங்குக்கு வந்து ‘வித்தியா விசாரிணி’ என்னும் இதழை நடத்தியதும், பின்னர் மதுரை நான்காம் தமிழ்ச்சங்கத்தில் புலவராக விளங்கியதும் தமிழாசிரியர் அறிந்தவை. அவர் நடந்த தெருக்கள் இவை. வணிகம், சமயம், தமிழ், சமையல் எல்லாம் ஒரே தெருவில் தோளோடு தோள் உரசி வாழ்ந்தன.

கிழக்கிந்தியக் கும்பெனி இத்தீவில் மிளகுக் கொடியை ஊன்றியது. மலுக்குத் தீவுகளிலிருந்து கிறிசுதோபர் சுமித் என்னும் தாவரவியலார் சாதிக்காய்க் கன்றுகளையும் கிராம்புக் கன்றுகளையும் அனுப்பி வைத்தார். மிளகின் விலை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சரிந்து தோட்டங்கள் அழிந்தன. சாதிக்காய் இன்றும் பாலிக் பூலாவ் பகுதியில் காய்க்கிறது. தோட்டம் போனாலும் துறைமுகம் நின்றது. சுங்கவரி இல்லாத துறைமுகமாதலால் சுமத்திராவின் மிளகும், மலுக்குவின் கிராம்பும், சீனத்து அன்னாசிப்பூவும், தமிழ்நாட்டின் கொத்தமல்லியும் இங்கே வந்திறங்கிப் பிரிந்து சென்றன. அவற்றை இறக்கிச் சுமந்த தோள்களுட் பல, தமிழ்த் தோள்கள்.

அத்தோள்களுக்குச் சோறு தோளிலேயே வந்தது. ‘காண்டார்’ என்றால் மலாயில் காவுத்தடியால் சுமத்தல். தடியின் ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் குழம்புச் சட்டிகளுமாகச் சூலியர் துறைமுகத்துக்கும் தெருக்களுக்கும் சுமந்து சென்று விற்ற உணவே ‘நாசி காண்டார்’. காவடியைத் தண்ணீர்மலையில் மட்டுமே காண்கிற நம் பிள்ளைகளுக்கு, வயிற்றுக்காக எடுத்த இக்காவடியையும் சொல்லித்தர வேண்டும். பின்னர்த் தடி இறங்கிற்று. மரத்தடியிலும் நடைபாதையிலும் ஒட்டுக்கடையாயிற்று. பிறகு கூரையுள்ள கடையாயிற்று. கேம்பல் தெருவிலுள்ள அமீதியா 1907 முதல் நடப்பது. பினாங்குச் சாலையிலுள்ள லைன் கிளியர் இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட சந்தில் வளர்ந்தது. இவை சோற்றுக்குப் புகழ்பெற்றவை. நம் பொருள் சூப்பு.

சோற்றுக் கடைக்குப் பக்கத்திலேயே சூப்புக் கடை வளர்ந்ததற்குக் காரணம் எலும்பு. இறைச்சி குழம்புக்குப் போய்விடும். காலும் தலையும் மூட்டும் எஞ்சும். பணமுள்ளவன் தள்ளுவதைப் பணமில்லாதவன் வேகவைத்தான். துறைமுக உழைப்பாளி எந்த நாட்டவனாயினும் இதைத்தான் செய்திருக்கிறான். கிள்ளான் துறைமுகத்துச் சீனத் தொழிலாளர் பன்றி எலும்பை மருந்து வேர்களோடு வேகவைத்த ‘பாக் குட் தே’யும் இவ்வினத்ததே, அப்பெயருக்கு இறைச்சி எலும்புத் தேநீர் என்பது பொருள். மலேசியத் தேசிய மரபுடைமைத் துறை 2024-இல் அதை மரபுணவுகளுள் ஒன்றாக அறிவித்தது. அதன்மேல் எழுந்த வாதங்களை நாடறியும். சமயம் அவ்விரு கிண்ணங்களையும் பிரித்து வைத்திருக்கிறது. எனினும் இரண்டின் கீழும் எரிந்தது ஒரே வறுமையின் நெருப்பு.

சூப்புச் சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். வரலாற்று மாணவர்க்கு அதுவும் ஓர் ஆவணமே. எலும்பைக் கொதிக்கவிட்டு நுரையை எடுத்த பின்னர்ப் பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ நான்கும் சேர்கின்றன. மலாய்க்காரர் இந்நான்கையும் சேர்த்து ‘நான்கு உடன்பிறப்புகள்’ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பது எவ்வளவு அழகு! பிறகு மிளகு, சீரகம், சோம்பு, கொத்தமல்லி ஆகியவற்றின் பொடி. இஞ்சி, பூண்டு, வெங்காயம். மெல்லிய தீயில் பல மணி நேரம் வேக வேண்டும். மங்கில் ஊற்றிய பின்னர்ப் பொன்னிறமாகப் பொரித்த சின்ன வெங்காயத்தையும், ‘டாவுன் சூப்’ எனப்படும் நறுமணக் கீரையையும் தூவுவார்கள். அக்கீரை சீனர் தோட்டங்களில் விளைவது. அன்னாசிப்பூவும் தென்சீனத்தது. ஆக, நம் வீட்டு ஆட்டுக்கால் சூப்பின் எலும்புக்கூட்டின்மேல் மலாய்க் கரையும் சீனக் கரையும் சதை வைத்திருக்கின்றன. கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்தவர் ஊர்ச் சுவையை அப்படியே காப்பாற்றினார் என்று சொல்வது பெருமையாக இருக்கலாம், உண்மையாகாது. அவர்கள் அதை மாற்றினார்கள். அதனாலேயே அதற்கு ஊர் தாண்டிய புகழ் வந்தது.

சூலியாத் தெருவை ஒட்டி ஒட்டுக்கடை வைத்திருந்த முதியவர் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் அடிக்கடி சந்திப்பேன். இராமநாதபுரத்துக்காரர். “நானா, குழம்பு வைப்பது கடினமா, சூப்பு வைப்பது கடினமா?” என்று ஒருமுறை கேட்டேன். “வாத்தியாரையா, கொழம்புல தப்பு மறைஞ்சிடும், சூப்புல மறையாது” என்றார். பிழை திருத்தும் தொழிலில் முப்பது ஆண்டு கழித்த எனக்கு அவ்விடை நெஞ்சில் தங்கிவிட்டது. அவர் தம் உதவியாளரிடம் மலாயில் பேசுவார். மசாலை அளக்கும்போது மட்டும் உதடு அசையத் தமிழில் எண்ணுவார். மகன் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். கடையை எடுத்து நடத்த ஆளில்லை.

சூப்போடு தரும் ரொட்டிக்கும் ஒரு கதை உண்டு. சொல்லாமல் விட மனம் வரவில்லை. தடித்து உயர்ந்த அந்த வெள்ளை ரொட்டிக்கு ‘ரொட்டி பெங்காளி’ என்று பெயர். வங்காளிகள் சுட்ட ரொட்டி என்று பலரும் எண்ணுவர். டிரான்சுபர் சாலையில் தலைமுறைகளாக அதைச் சுட்டுவரும் கடைக்காரர்கள் சொல்லும் விளக்கம் வேறு. தொடக்கத்தில் தொழிலாளருக்கும் தொழிலில் பங்கு தரப்பட்டதாம். ஆகவே அது ‘பங்காளி’ ரொட்டி. வாய்வழக்கில் பங்காளி பெங்காளியாயிற்று என்பர். குடும்ப மரபுரை என்ற அளவில் இதை ஏற்கலாம். சொல்லாராய்ச்சிக்காரர் மறுக்கட்டும், நான் இதன் பக்கம். மேலும், அந்த ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் ஊறவைத்து உண்கிறபோது, பிரெஞ்சுக்காரன் மறந்துபோன பழம்பொருளுக்கு நாம் உயிர் கொடுக்கிறோம் அல்லவா!

தேடிச் சென்று உண்ணத்தக்க சூப்புக் கடைகள் எவை என்று கேட்பவர்க்கு: பினாங்குச் சாலையின் வடகோடியில் பெயர்பெற்றது சூப் அமீது. ஆடு, கோழி, மாடு, வால், நாக்கு, நரம்பு எனப் பிரித்துப் பிரித்துச் சட்டிகள். முழங்கால் மூட்டை முழுதாக வைத்து, உள்ளிருக்கும் ஊனை உறிஞ்சக் குழலும் செருகித் தருவதற்குக் ‘கியர் பாக்சு’ என்று பெயர். அப்பெயரை இட்டவன் ஏதோ ஒரு பட்டறைக்காரனாக இருக்க வேண்டும். இலக்சாவை நாடுவோர் ஆயர் ஈத்தாம் பக்கம் போகட்டும். மீனும் புளியும் கூடிய அச்சாறும் ஒரு பயணத்துக்குத் தகும். எந்தக் கடையாயினும் நல்ல சூப்பை அறிய என் அளவுகோல் எளியது: மங்கின் அடியில் மசாலை மண்டியாகப் படிந்திருந்தால் பொடி அளவு மீறியது, மேலே எண்ணெய் ஓர் அங்குலம் நின்றால் நுரையெடுக்கச் சோம்பியது, எலும்பிலிருந்து இறைச்சி கையை எதிர்பாராமல் கழன்றால் அமர்ந்து உண்ணலாம்.

இக்கடைகளுக்குள் நம்மவர் பலர் நுழைவதில்லை என்பதையும் ஒளிக்காமல் எழுத வேண்டும். மாட்டிறைச்சிச் சட்டி பக்கத்தில் இருக்கிறது என்பது இந்துத் தமிழர் கூறும் காரணம். அவரவர் நோன்பு அவரவர்க்கு. அதில் குறை காண மாட்டேன். ஆனால் உண்ண மறுத்த கையோடு வரலாற்றிலிருந்தும் அவர்களை விலக்கிவிட்டோம். ஒரு கருத்தரங்கில் இப்பொருளைப் பற்றிப் பேசியபோது, “அவர்கள் மலாய்க்காரராகிவிட்டார்கள், அவர்களை ஏன் தமிழர் கணக்கில் சேர்க்கிறீர்கள்?” என்று ஒருவர் கேட்டார். சிலர் மலாய்ச் சமுதாயத்தோடு கலந்தது உண்மை. தமிழ் முசுலிம் தந்தைக்கும் மலாய்த் தாய்க்கும் பிறந்தோர் ‘சாவி பெரானாக்கான்’ எனப்பட்டனர். மலாய் மொழியின் முதல் செய்தித்தாளை 1876-இல் சிங்கப்பூரில் தொடங்கியவர்கள் அவர்களே. கலந்தவர் போக, இன்றும் வீட்டில் தமிழ் பேசி, மிலாது விழாவில் தமிழில் பாடும் குடும்பங்கள் சூலியாத் தெருவில் இல்லையா? காக்கா கடை, நானா கடை என்று நம் வாயாலேயே உறவுமுறை சொல்லி அழைத்துவிட்டு, கணக்கெடுக்கும்போது மட்டும் அயலார் என்பது எந்த நியாயம்?

அவர்களை இவ்வூரில் நிறுத்தி வைத்திருந்த தூண்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. 1969-இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுக உரிமையை இழந்தது. சரக்கு பட்டர்வொர்த்துக்கு மாறிற்று. துறைமுகக் கூலிகள் குறைந்தனர். 1926-இல் ஓடத் தொடங்கிய ‘இரசூலா’ கப்பல் 1970-களில் ஓய்ந்தது. அதன்பின் ஓடிய ‘எம்.வி. சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியதோடு நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே இருந்த கடல்வழிப் பயணம் முடிந்தது. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு நீங்கிற்று. குறைந்த வாடகையில் கடைவீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் நகரின் நடுவிடத்தை விட்டுப் பெயர்ந்தன. 2008 சூலையில் சியார்சு டவுன் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுடைமை நகரமாயிற்று. கட்டடங்கள் காக்கப்பட்டன, நல்லது. ஆனால் சுவருக்கு வெள்ளையடிக்க விதி செய்தவர்கள் சட்டிக்கு முன் நின்றவருக்கு விதி செய்யவில்லை. ஒட்டுக்கடைகளில் வெளிநாட்டார் உள்ளூர் உணவைச் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு 2016-இல் தடை கொண்டுவந்தது. அதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. எனினும் ஒரு நினைவு. 1794-இல் லைட் எண்ணிய அந்த 2,000 பேரும் வெளிநாட்டாரே.

என் பள்ளியில் மேனிலை வகுப்பு மாணவர்க்கு ஒரு பயிற்சி கொடுத்து வருகிறோம். சூப்பில் சேரும் பொருள்களின் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் எழுதிவர வேண்டும். வீட்டாரைக் கேட்கலாம், கடைக்காரரைக் கேட்கலாம், புத்தகம் பார்க்கக் கூடாது. மலாய்ப் பெயர்களைத் தடையின்றி எழுதிவிடுகிறார்கள். தமிழில் பட்டையும் மிளகும் வருகின்றன. கிராம்புக்கும் சோம்புக்கும் பாட்டியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அன்னாசிப்பூ என்ற பெயரைக் கேட்டு வகுப்பே சிரித்தது. கடைக்காரரைக் கேட்கச் சென்ற இரு மாணவரை ஒரு நானா உட்காரவைத்து, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகரக் கொடுத்துப் பெயர் சொல்லியனுப்பினார். அவர்களுடைய தாளில் மட்டும் ஒரு விடுபாடும் இல்லை. ‘டாவுன் சூப்’ என்பதற்கு நேரே எல்லோரும் இடத்தை வெறுமையாக விட்டிருக்க, ஒரு மாணவி மட்டும் ‘சூப்பிலை’ என்று எழுதியிருந்தாள். தாள்களை வகுப்பின் பின்சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம். வரும் பருவத்தில் ரொட்டிக் கடைக்கும் தர்காவுக்கும் அவர்களை நடத்தி அழைத்துச் செல்வதாக ஏற்பாடு.